எரிந்த வீடு, எழுந்த வீடு

"ஸார், எரிந்துபோனதை மறுபடியும் கட்டினால் அது பழைய வீடுதானா?" என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன், பேச்சுவாக்கில் அப்பார்க் மாளிகையின் கதையையும் சொல்லியிருந்தேன். கேள்விக்கு உடனே விடை வரவில்லை.

இங்கிலாந்தில், ஸஸெக்ஸ் குன்றுகளின் மேல் 1690-ஐ ஒட்டி எழுந்த மாளிகை அது. வெல்ஸின் தாயார் அங்கே வீட்டு மேற்பார்வை உத்தியோகத்தில் இருந்தார். பிள்ளையாண்டான் அங்கு வந்து தங்கியபோதெல்லாம் மாளிகைப் புத்தகங்களைப் படித்தான். பரணில் உதிரியாய்க் கிடந்த தூரதிருஷ்டிக் கண்ணாடியைப் பொருத்தி நட்சத்திரங்களைப் பார்த்தான்.

1989, ஆகஸ்டு 30. கூரைப் பழுதுவேலை முடியும் தறுவாயில், ஈயத் தகடுகளைச் சூடாக்கிய கருவியிலிருந்து தீப்பற்றிக்கொண்டது. காக்கச் செய்த காரியமே கேடாய் முடிந்தது! குடும்பத்தாரும் ஊழியர்களும் தீயணைப்போரும் படங்களையும் ஆசனங்களையும் வெளியே கொண்டுவந்து சேர்த்தார்கள். கீழ்த்தளத்துப் பொருள்களில் பெரும்பாலானவை பிழைத்தன. கூரையும் மேல்மாடியும் போயின. வெல்ஸ் கண்ட பரணும் போயிற்று.

இடித்துவிடலாமா, மொட்டைச் சுவராகவே விடலாமா என்ற யோசனைகளும் எழுந்தன. மாளிகையை நிர்வகிக்கும் நேஷனல் டிரஸ்ட், தீக்கு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவதென்று தீர்மானித்தது. சாம்பலைக் கொட்டிவிடவில்லை, ஆயிரக்கணக்கான தொட்டிகளில் அள்ளிச் சலித்தார்கள். அகப்பட்ட செதுக்கல் துண்டுகளையும் சுதைத் துணுக்குகளையும் இனம் பிரித்து வைத்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கையாலேயே உருச் சமைக்கும் வித்தை ஏறக்குறைய மறைந்திருந்தது. தொழிலாளிகள் அதைப் புதிதாய்ப் பயின்றுதான் விதானங்களை மீட்டார்கள். 1995-ல் மாளிகையின் கதவுகள் ஜனங்களுக்கு மீண்டும் திறந்தன.

எல்லா வீட்டுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. 2015-ல் எரிந்த கிளாண்டன் மாளிகையில் உள்ளே தப்பியது சொற்பமே. அதை முழுவதும் பழையபடி ஆக்குவதில்லை என்று அதே டிரஸ்ட் 2022-ல் அறிவித்தது.

ஜீர்ணோத்தாரணம் என்று நாம் சொல்லுவது இதைத்தான் என்று தோன்றுகிறது. மறுநாள் மாணவனிடம் சொன்னேன்: "அப்பா, மரம் புதிது, சாந்து புதிது. ஆனால் அன்றைய தச்சன் அறிந்ததை இன்றைய தச்சனும் அறிந்துகொண்டான். அந்த மட்டில் அது பழைய வீடுதான்."

"அந்தப் பரண், ஸார்?" என்றான் விடாமல்.

"அது திரும்பாது" என்றேன். அதையும் மறைக்காமல் சொல்வதுதானே உபாத்தியாயரின் கடமை!