வியாழக்கிழமைக் காய்ச்சல்

“வர்றதா இருந்தா வியாழக்கிழமை காலையில வாங்க” என்றார் அந்த மருந்தாளுநர். ஏன் என்று கேட்டேன். “புதன்கிழமைதானே ஊசி போடுறாங்க” என்றார். வேறு விளக்கம் தரவில்லை. கடைக்குள் போய் ஒரு மணி நேரம் நின்ற பிறகு எனக்கு விளக்கமும் தேவைப்படவில்லை.

மதுரைக்கு வடக்கே ஒரு சிறுநகரம். பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைவரிசையில் அவருடைய மெடிக்கல் இருக்கிறது. ஆள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் உள்ளே இடமில்லை. சுவரில் அவருடைய பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மருத்துவரின் சீட்டுக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநரே மருந்து தர வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். சான்றிதழ் சுவரிலும் ஆள் வேறெங்கோவுமாக நடக்கும் கடைகளை நானும் பார்த்திருக்கிறேன். இங்கே சான்றிதழில் உள்ளவர் காலை எட்டரை முதல் இரவு ஒன்பது வரை கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறார். ஊர் அவரை அக்கா என்கிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள் புதன். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று மூன்று தவணையாகப் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவான் இருமலுக்கான பகுதியும் உண்டு. பல குழந்தைகளுக்கு அன்று இரவே காய்ச்சல் வரும், தொடை வீங்கும். விடியும்வரை தோளில் போட்டுக்கொண்டு நடந்த தாய் மறுநாள் காலையில் எங்கே போவாள்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். மெடிக்கல் பேருந்து நிற்கும் இடத்திலேயே இருக்கிறது.

அன்று முதலில் வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். துண்டில் சுற்றிய குழந்தை.

“ராத்திரியெல்லாம் காய்ச்சல்க்கா. நேத்து ஊசி போட்டாங்க. ஏதாச்சும் மருந்து குடுங்க.”

“எத்தனை மாசம்?”

“ரெண்டரை.”

“எடை எவ்வளவுன்னு சொன்னாங்க?”

“அஞ்சு கிலோ.”

“பால் குடிக்குதா? ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா? கூப்பிட்டா முழிச்சுப் பாக்குதா?”

எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டிய பிறகுதான் அக்காவின் கை அலமாரிப் பக்கம் போனது. ஊசி போட்டபோது அங்கன்வாடியில் கொடுத்த காய்ச்சல் மருந்து வீட்டில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டார். எடுத்தது பாராசிட்டமால் சொட்டு மருந்து. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. சிறுவர்களுக்கான சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம்தான். சொட்டு மருந்தின் வீரியம் சிரப்பைப் போல நான்கு மடங்கு. மூத்த பிள்ளைக்குச் சிரப் கொடுத்துப் பழகிய கை, அதே கணக்கில் சொட்டு மருந்தைக் கைக்குழந்தையின் வாயில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் அந்தச் சிறு குழாயை எடுத்து, முக்கால் மில்லிக் கோட்டில் பேனாவால் அடையாளமிட்டு, அந்தப் பெண்ணையே தண்ணீரில் உறிஞ்சிக் காட்டச் சொன்னார். கோட்டுக்கு மேலே ஏறியது. மறுபடி செய்யச் சொன்னார். சரியாக நின்றதும்தான் பணம் வாங்கினார்.

அவள் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “எங்கத்தை இனிமே ஊசிக்கே தூக்கிட்டுப் போகக் கூடாதுங்குது.”

இதற்காகத்தான் என்னை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். முதல் தவணை போட்டுவிட்டு மூன்றாம் தவணைக்கு வராமல் போகும் குழந்தைகளைப் பற்றிச் சுகாதாரத் துறை காலகாலமாகக் கவலைப்படுகிறது. ஊசி போடும் இடத்தில் அந்த முடிவு எடுக்கப்படுவதில்லை. காய்ச்சல் அடித்த இரவில் வீட்டுக்குள் எடுக்கப்படுகிறது. மறுநாள் காலை மெடிக்கலில் வந்து நிற்கிறது. அங்கே நிற்பவர் காசை வாங்கிக்கொண்டு பாட்டிலை நீட்டினால் மாமியார் சொன்னது உறுதியாகிவிடும். நின்று பேசினால் மாறவும் கூடும். தடுப்பூசியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஊசியைப் பற்றியே எழுதுகிறோம். அதற்கு அடுத்த நாளைப் பற்றி யார் எழுதுகிறோம்?

அக்கா மாமியாரைப் பழிக்கவில்லை. “அத்தை பயப்படுறது நியாயந்தான், ராத்திரி பூரா முழிச்சுருக்குல்ல. உடம்பு அந்த மருந்தை அடையாளம் கண்டுக்கிட்டு வேலை செய்யுது, அதான் சூடு. ஒரு நாள், ரெண்டு நாள். அதுக்கு மேல போனாலோ, வெட்டு வந்தாலோ, பால் குடிக்காமச் சோர்ந்தாலோ மருந்து குடுத்துட்டு உக்காராம பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். மூணாவது ஊசி எப்ப?” அந்தப் பெண் தாய்சேய் அட்டையை எடுத்து நீட்டினாள். மருந்துக் கவரின் மேல் தேதி பெரிதாக எழுதப்பட்டது. “நர்சம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?” என்று கேட்டார். அவள் சரி என்றாள்.

அதற்கடுத்து வந்தவர் ஒரு தாத்தா. பேத்தியின் இடது கைப்புஜத்தில் பிசிஜி போட்ட இடம் சிறு கொப்புளமாகிச் சீழ் வைத்திருக்கிறது, களிம்பு வேண்டும் என்றார். களிம்பு கொடுக்கப்படவில்லை. பிறந்ததும் போடும் அந்த ஊசி சில வாரங்களில் அப்படித்தான் கிளம்பும், தானாக ஆறித் தழும்பாகும், எதையும் தடவக் கூடாது. தாத்தாவிடம் தன் தோளைத் தொட்டுக் காட்டி, “உங்க மகளுக்கும் இந்தத் தழும்பு இருக்கும், போய்ப் பாருங்க” என்றார். காய்ச்சலுக்கு ‘ஒரு செட் மாத்திரை’ கேட்டு வந்த இன்னொருவருக்கும் இல்லை என்ற பதில்தான். பெயர் தெரியாத நாலு மாத்திரைகளைக் கத்தரித்து ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் அந்தப் பழக்கத்தை இந்தக் கடை எப்போதோ நிறுத்திவிட்டது. அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை வெட்டினால்கூட, காலாவதித் தேதி அச்சிட்ட ஓரம் கடைசிவரை அட்டையிலேயே நிற்கும்படிதான் அவருடைய கத்தரி நுழைகிறது.

கூட்டம் தணிந்தபோது குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். இன்சுலின், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, டி.டி. என்னும் டெட்டனஸ் ஊசி, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பெரியவர்களுக்கான ஃபுளூ ஊசி. கதவு அடுக்குகள் காலி; திறந்து மூடும்போது முதலில் சூடாவது அவைதான். அடித்தட்டில் தண்ணீர் நிறைத்த பாட்டில்கள். மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் குளிரைப் பிடித்துவைக்க அவை. நடுவில் ஒரு வெப்பமானி, பக்கத்தில் காலையும் மாலையும் அளவு எழுதும் நோட்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்கள் பூவும் சோடாவும் வைக்கக் கேட்பார்களாம். மறுத்து மறுத்து இப்போது கேட்பதில்லை.

“சூட்டுல கெட்டுப்போகும்னு எல்லாருக்கும் தெரியும். உறைஞ்சாலும் கெட்டுப்போகும்னு யாருக்கும் தெரியாது” என்றார். டி.டி., மஞ்சள்காமாலை பி வகைத் தடுப்பூசி போன்றவற்றில் அலுமினிய உப்பு சேர்த்திருக்கிறது. உறைந்து உருகினால் அது பால் திரிந்தாற்போலத் திரளும். மறுபடி எவ்வளவு பதமான குளிரில் வைத்தாலும் வீரியம் திரும்பாது. உறைபனி அறையை ஒட்டி ஒரு பெட்டியும் இல்லாததன் காரணம் அதுதான். ஊசி மருந்து வாங்கிப்போக வருபவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “நேரா டாக்டர்கிட்டதானே போறீங்க?” என்பது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போவேன் என்றால், “சாப்பிட்டுட்டு வந்து வாங்கிக்கங்க” என்று அனுப்பிவிடுகிறார்.

காலில் ஆணி குத்தி வருபவர்கள் தாங்களாகவே டி.டி. கேட்கிறார்கள். யாரும் அவர்களை வற்புறுத்த வேண்டியதில்லை. இந்த ஊர் ஊசிக்கு எதிரி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆணியைக் கண்ணால் பார்க்கிறார்கள், ரத்தம் வருகிறது, அதனால் அஞ்சுகிறார்கள். கக்குவான் இருமலில் மூச்சு முட்டி நீலம் பாரித்த குழந்தையை இந்தத் தலைமுறைத் தாய் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு போலியோ இல்லை. நாட்டில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட சிறுமி. நோய் கண்ணிலிருந்து மறைந்ததால் இப்போது கண்ணுக்குத் தெரிவது காய்ச்சல் ஒன்றுதான். தடுப்பூசி வென்ற ஊரில் தடுப்பூசிக்காகப் பேசுவது முன்னைவிடக் கடினமாகிவிட்டது.

பேச்சு 2021க்குப் போனது. அந்த ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக், மற்றவர்களுக்குத் துணிவு வரட்டும் என்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசி காரணமில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். பின்னர் ஆராய்ந்த மத்தியக் குழுவும் அதையே சொன்னது. “அதுக்குள்ள வாட்ஸ்அப்ல என்னென்னமோ வந்துருச்சு. கொஞ்ச நாள் ஒருத்தரும் ஊசிப் பேச்சே எடுக்கல. எனக்கே அழுகையா வந்துச்சு, நல்லது சொல்ல வந்த மனுசன்.” கூட்டம் சேர்த்துப் பேசும் வழி இல்லை. மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்கு வருபவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசினார். தான் ஊசி போட்டுக்கொண்டதற்கான குறுஞ்செய்தியைத் தொலைபேசியில் காட்டினார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குக் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதை அவரவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல முடிந்தது. எந்தச் சுவரொட்டிக்கும் அப்படிச் சொல்லும் வசதி இல்லை.

பிற்பகல் ஒரு இளைஞன் வந்தான். நாய் லேசாகப் பல் பதித்துவிட்டது, களிம்பு போதும் என்றான். காயத்தின் மேல் சுண்ணாம்பு அப்பியிருந்தது. அவனைக் கடைக்குப் பின்னால் உள்ள குழாயடிக்கு அழைத்துப்போய், கையில் சோப்பைக் கொடுத்து, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லிக் கடிகாரத்தைக் காட்டினார். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. தொடங்கும் முன்னே தடுத்துவிட முடியும். இந்த இரண்டையும் அவனிடம் அப்படியே சொன்னார், மென்மையாக்காமல். அதற்கான ஊசி அவருடைய குளிர்பெட்டியிலேயே இருந்தது. ஆனாலும் அவனை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

“இங்க வித்தா எனக்கு லாபந்தான்” என்றார் அவன் போன பிறகு. “ரத்தம் வந்துருக்கு. அவனுக்கு காயத்துலயே போடுற இம்யூனோகுளோபுலின் வேணும், அது எங்கிட்ட இல்ல. அங்க ரெண்டும் இலவசம். காசு குடுத்துப் போடுறவன் ரெண்டாவது ஊசியோட நின்னுருவான்.”

அமெரிக்கா, பிரிட்டன், போர்ச்சுகல் போன்ற நாடுகளில் மருந்தாளுநரே ஃபுளூ ஊசி போடுகிறார். இங்கே அது இல்லை; வேண்டும் என்று அக்காவும் கேட்கவில்லை. அவருடைய கோரிக்கை இன்னும் சிறியது. எந்தக் குழந்தைக்கு எந்தத் தவணை விட்டுப்போயிருக்கிறது என்பது சுகாதாரத் துறைக்குத் தெரியும். அந்தத் தாய் எதற்குத் தயங்குகிறாள் என்பது இவருக்குத் தெரியும். இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. தடுப்பூசிக் கூட்டங்களுக்கு ஆசிரியர்களை அழைக்கிறார்கள், அங்கன்வாடிப் பணியாளர்களை அழைக்கிறார்கள். தெருமுனை மெடிக்கல்காரரை அழைத்து நான் பார்த்ததில்லை. அழைக்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் சோதனைக்கு வரும்போது மட்டும் அரசுக்கு அவர் நினைவுக்கு வருவது போதாது.

இந்தக் கடையில் ஏற்பாட்டை அவர்களே செய்துகொண்டிருக்கிறார்கள். மாலை நாலு மணிக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். டீ வந்தது.

“யாருக்கா வந்தாங்க இன்னைக்கு?”

அனுமதி தந்த தாய்மாரைப் பற்றி மட்டும் அக்கா சொன்னார். அந்த இரண்டரை மாதக் குழந்தையின் வீடு எது என்று செவிலியர் உடனே கண்டுகொண்டார்.

“அந்தப் புள்ளைகிட்டப் பேசிப் பிரயோசனமில்லக்கா. மாமியாரைத்தான் பிடிக்கணும். நூறு நாள் வேலைக்குப் போயிட்டு மூணு மணிக்கு மேலதான் வீட்டுக்கு வரும். நாளைக்கு அந்த நேரத்துக்கு நானே போயிர்றேன்.”