பால் தீய்ந்த வாசனை



போன மார்கழியில் ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து கருகியது. பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கு வாசனையே தெரியவில்லை. மாடியிலிருந்து மருமகள் ஓடிவந்து அணைத்தாள். பாலோடு போயிற்று, கேஸ் கசிந்திருந்தால்?

மூக்கடைப்பையும் முகத்தில் இருந்த கனத்தையும் ‘ஓசூர் குளிர்’ என்றே வருடக்கணக்கில் தள்ளிவிட்டேன். மெடிக்கலில் நானே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவேன். இ.என்.டி. டாக்டர் சிறு குழாய் விட்டுப் பார்த்து, மூக்கினுள் சதை வளர்ந்திருப்பதைக் காட்டினார்.

அவர் சொன்ன கணக்கு எளிது. சளியோடு வரும் சைனஸ் பெரும்பாலும் 4 வாரத்துக்குள் சரியாகிவிடும். அதற்குக் காரணம் அநேகமாக வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்காது. சளி மஞ்சளாக வந்தாலும் அப்படித்தான். 10 நாளாகியும் குறையாவிட்டாலோ, குறைந்து மறுபடி கூடினாலோ டாக்டரைப் பாருங்கள். 12 வாரம் தாண்டினால் அது நாள்பட்ட சைனஸ். அதில் கிருமியைவிட உள்வீக்கமே பெரிய தொல்லை.

இப்போது கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் உப்புக் கலந்து தினமும் மூக்கைக் கழுவுகிறேன். டாக்டர் தந்த ஸ்பிரேயும் உண்டு. வாசனை பாதி திரும்பியிருக்கிறது.

சிப்காட்டில் தூசிக்கும் பெயின்ட் புகைக்கும் நடுவே நிற்கும் பிள்ளைகளே, கம்பெனி தரும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நேற்று பூக்காரம்மா கொடுத்த ரோஜா மணத்தது. உங்களிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.