கடைசியாக நலமாகப் பார்த்தது எப்போது?



பக்கவாதம் தாக்கிய ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றால், மருத்துவர் உடன் வந்தவர்களிடம் விரைந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இவரைக் கடைசியாக நலமாகப் பார்த்தது எப்போது? பார்த்தவர் யார்?" என்பதே அது. 'உங்களுக்கு எப்போது தெரிய வந்தது?' என்று அவர் கேட்பதில்லை. இரண்டும் ஒன்றெனக் கருதிப் பதில் சொல்வோர் நம்மில் பலர். இரவு பத்து மணிக்கு நலமாகப் படுத்தவர் காலை ஐந்து மணிக்கு வலக்கை அசையாமல் கிடந்தால், "ஐந்து மணிக்கு வந்துவிட்டது" என்று குடும்பத்தார் கூறுவர். மருத்துவரோ பத்து மணி என்றே குறித்துக்கொள்வார். இடைப்பட்ட ஏழு மணி நேரத்தில் எந்த நொடியில் அது நேர்ந்தது என்பதைக் கண்டவர் எவருமில்லை. ஆகவே உறுதியாக அறியப்பட்ட கடைசி நேரத்திலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது.

ஹதீஸ் கலையின் வாடை பட்டவர்களுக்கு இது புதிதன்று. "நான் கண்டேன்", "நான் செவியுற்றேன்" என்று கூறுபவரின் அறிவிப்பும், "சொல்லப்படுகிறது" என்று வரும் அறிவிப்பும் ஒரே தரத்தவை அல்ல என்பதை மதரஸாவின் தொடக்க வகுப்புகளிலேயே நாம் கற்பிக்கிறோம். அதே பேணுதலை நள்ளிரவில், பதற்றத்தின் நடுவே, வீட்டிலுள்ள ஒரு பெண்ணிடமோ பதினைந்து வயதுப் பிள்ளையிடமோ மருத்துவம் எதிர்பார்க்கிறது. அந்தச் சாட்சியத்தைப் பொறுத்தே ஒருவருடைய கையும் காலும் பேச்சும் மீள்வது அமையக்கூடும்.

நேரத்திற்கு ஏன் இத்தனை மதிப்பு? பக்கவாதங்களில் பெரும்பான்மையானவை மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயைக் கட்டி ஒன்று அடைப்பதால் வருபவை. எஞ்சியவை குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருபவை. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்குச் சராசரியாக 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் என்னும் மருந்தை மூன்று மணி நேரத்திற்குள் செலுத்தினால் ஊனம் குறைகிறது என்பதை 1995ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு நிறுவியது. ஐரோப்பிய ஆய்வொன்று 2008இல் அந்த எல்லையை நான்கரை மணி நேரமாக நீட்டியது. எல்லை கடந்தபின் செலுத்தினால் பயன் குறைந்து, மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து மேலோங்குகிறது.

பிறகு 2015ஆம் ஆண்டு வந்தது. தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளைக்குச் செல்லும் பெரிய குழாயிலுள்ள கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் முறை சிறந்தது என்பதை நெதர்லாந்தில் தொடங்கி ஐந்து ஆய்வுகள் ஒரே ஆண்டில் உறுதிப்படுத்தின. அவற்றிலிருந்த 1287 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து 2016இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூவருக்கு இச்சிகிச்சை அளித்தால் அவர்களில் ஒருவருடைய ஊனம் ஒரு படியேனும் குறைகிறது என்று தெரிந்தது. மருத்துவ உலகில் இவ்வளவு பயன் தரும் சிகிச்சைகள் அரிது.

ஆனால், சாட்சி இல்லாதவர்களின் நிலை என்ன? உறக்கத்திலேயே தாக்கப்பட்டவர்கள், தனித்து வாழும் முதியவர்கள், பேச்சிழந்த நிலையில் வழியில் கண்டெடுக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு நேரம் தெரியாது என்ற ஒரே காரணத்தால் சிகிச்சைக் கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. அதைத் திறந்ததில் கணினி அறிவியலுக்குப் பெரும் பங்குண்டு. கையிலுள்ள நரம்பு வழியே சாய மருந்தைச் செலுத்தி, அது மூளைக்குள் பாய்ந்து வெளியேறும் வரை சி.டி. கருவி அடுத்தடுத்துப் படமெடுக்கிறது. படத்தின் ஒவ்வொரு சிறு புள்ளியிலும் சாயம் எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது. இயல்பான ஓட்டத்தில் 30 விழுக்காட்டுக்கும் கீழே இரத்தம் குறைந்த பகுதி பெரும்பாலும் மடிந்துவிட்ட பகுதி என்றும், வந்து சேர ஆறு நொடிகளுக்கு மேல் தாமதமாகும் பகுதி பசியோடு உயிருக்குப் போராடும் பகுதி என்றும் அது வண்ணமிட்டுக் காட்டுகிறது. முன்னது சிறிதாகவும் பின்னது பெரிதாகவும் இருந்தால், காப்பாற்றத்தக்க மூளை இன்னும் மிச்சமிருக்கிறது என்பது பொருள். இந்தக் கணக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கண்டவர் எவருமில்லாதபோது மூளையே தன் நிலைக்குச் சாட்சி சொல்கிறது. சுப்ஹானல்லாஹ்.

ரேபிட் என்னும் இத்தகைய மென்பொருள் அளந்த அளவுகளைக் கொண்டு நோயாளிகளைத் தேர்ந்த இரண்டு ஆய்வுகள் 2018இன் தொடக்கத்தில் வெளிவந்தன. 'டான்' என்னும் ஆய்வில், கடைசியாக நலமாகக் காணப்பட்டு 6 முதல் 24 மணி நேரம் வரை கடந்துவிட்ட 206 பேர் இடம்பெற்றனர். கட்டி அகற்றப்பட்டவர்களில் 49 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் பிறர் துணையின்றி வாழும் நிலையை எய்தினர். வழக்கமான மருந்து மட்டும் பெற்றவர்களில் அந்நிலையை எய்தியோர் 13 விழுக்காடே. 16 மணி நேரம் வரை அனுமதித்த 'டிஃபியூஸ் 3' என்னும் ஆய்விலும் 45க்கு 17 என்றே வேறுபாடு தெரிந்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவின் 'வேக்-அப்' ஆய்வு, நேரம் தெரியாதவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு கரைக்கும் மருந்தைத் தேர்ந்தளிக்கலாம் என்று காட்டியது.

இங்கே ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டும். "இப்போதெல்லாம் இருபத்து நான்கு மணி நேரம் இருக்கிறதாமே, விடிந்ததும் போகலாம்" என்ற பேச்சை நாம் ஒரு ஜனாஸா வீட்டிலேயே கேட்டோம். அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள், பக்கக் குழாய்களின் தயவால் மூளை இன்னும் பிழைத்திருந்தவர்கள் மட்டுமே. மற்றவர்கள் படம் பார்த்த நிலையிலேயே விலக்கப்பட்டார்கள். தம் பக்கக் குழாய்கள் எத்தகையவை என்பது வீட்டில் இருக்கும் எவருக்கும் தெரியாது.

எம் மஹல்லாவில் அறுபது கடந்த பெரியவர் ஒருவரை, பஜ்ருக்கு எழுப்பச் சென்ற மகன் இடப்பக்கம் செயலற்ற நிலையில் கண்டார். "இஷா தொழுகையில் என் பக்கத்தில்தான் நின்றார், நலமாக இருந்தார்" என்று சாட்சி சொல்ல அண்டை வீட்டார் இருந்தார். அக்கணக்கின்படி எட்டு மணி நேரத்திற்கு மேல் கடந்துவிட்டது. ஆனால் அவருடைய துணைவியார் தெளிவாக ஒன்றைக் கூறினார்கள்: "தஹஜ்ஜுதுக்கு எழுந்தாங்க, மூன்றரை மணி இருக்கும். தாமே நடந்துபோய் ஒளு செய்தாங்க, எனக்கும் தண்ணீர் சூடு பண்ணட்டுமான்னு கேட்டாங்க." அந்த ஒரு கூற்றினால் கடைசி நேரம் ஒன்பதிலிருந்து மூன்றரைக்கு நகர்ந்தது. ஏழு மணிக்குள் ஊசி போடப்பட்டது. இன்று அவர் காலைச் சற்று இழுத்தபடி பள்ளிக்கு வருகிறார். பேச்சு முன்பைவிட மெதுவாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஐவேளைத் தொழுகையைப் பேணும் வீட்டில் நாள் முழுவதும் இத்தகைய நேரக் குறிகள் இருக்கின்றன. அவற்றை நினைவில் வைத்துச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். அவர் பெண்ணாக இருப்பின் அவரையே ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். வேடிக்கை பார்க்க வந்த ஆண்கள் நால்வர் ஏறிக்கொண்டு, கண்ட பெண்மணியை வீட்டில் விட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு.

அறிகுறிகள் பலரும் அறிந்தவையே. வாய் ஒரு பக்கம் கோணும். இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று கீழே சரியும். பேச்சு குழறும், அல்லது பொருளற்று வரும். திடீரெனப் பார்வை மறைவதும் நிலைதடுமாறுவதும் உண்டு. ஆனால் பேச்சைச் சோதிப்பதில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. பெரியவரிடம், "அத்தா, அல்ஹம்து சூரா ஓதுங்க" என்று சொல்லிப் பார்க்கிறார்கள். அவர் தடையின்றி ஓதிவிட்டால் பயம் நீங்கிவிடுகிறது. நெடுங்காலம் மனத்தில் பதிந்த ஓதல்களும் எண்ணிக்கைகளும், பேசும் ஆற்றலை இழந்தவரின் நாவிலும் தங்கியிருக்கக்கூடும் என்பது மூளை மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. சூரா ஓதியவர் தம் பேரனின் பெயரைச் சொல்ல முடியாமல் விழிக்கலாம். எனவே, அவரே யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய ஒன்றைக் கேளுங்கள்: இரவு என்ன சாப்பிட்டீர்கள், யார் வந்திருந்தார்கள் என்பன போல.

அடுத்து, வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை மார்க்கம் கற்பிப்பவர்களாகிய நாம் சொல்வதே பொருத்தம். விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால், ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஓதிய தண்ணீரானாலும் ஜம்ஜம் நீரானாலும் அதே விதிதான். "ஹஜ்ரத், ஒரு தடவை வந்து ஓதி ஊதிவிட்டுப் போங்க, அப்புறம் கூட்டிட்டுப் போறோம்" என்று நள்ளிரவில் எமக்கு அழைப்பு வருவதுண்டு. எம் பதில் எப்போதும் ஒன்றே: வண்டியை முதலில் அழையுங்கள், நாம் மருத்துவமனை வாசலில் வந்து ஓதுகிறோம். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் வெறும் அனுமதி வழங்கியதோடு நில்லாமல், செய்துகொள்ளும்படியே பணித்தார்கள் என்பது சுனன் நூல்களில் பதிவான செய்தி. புறாவை அறுத்து அதன் இரத்தத்தைச் செயலிழந்த பக்கத்தில் தேய்ப்பதற்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, மருத்துவத்திலும் இல்லை. அதற்காகப் புறா தேடி அலையும் ஒரு மணி நேரத்தில் மடியும் மூளையைப் பின்னர் எவராலும் மீட்டுத் தர இயலாது.

கொதிப்பு மாத்திரையையோ ஆஸ்பிரினையோ வீட்டிலேயே கொடுத்துவிடலாமே என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். இதற்கு 2024இல் சீனாவிலிருந்து தெளிவான விடை வந்தது. ஆம்புலன்ஸிலேயே இரத்தக் கொதிப்பைக் குறைக்கும் ஊசி போட்டு, 2404 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். குழாய் வெடித்தவர்களுக்கு அது நன்மை செய்தது. குழாய் அடைபட்டவர்களுக்குத் தீங்கு செய்தது. வெளியிலிருந்து பார்த்து எது அடைப்பு, எது கசிவு என்று அனுபவமுள்ள மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கேன் ஒன்றே பிரித்துக் காட்டும். அவ்வாறிருக்க, நாம் கொடுக்கும் மாத்திரை எந்தப் பக்கம் போய் விழும் என்பதை யார் அறிவார்?

நம் குடும்பங்களில் நேரம் கரையும் இடம் இன்னொன்றும் உண்டு. கணவர் துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். மாமியார் விழுந்து கிடக்க, மருமகள் அவருக்குத் தொலைபேசியில் அழைத்து அழைத்துக் காத்திருப்பாள். அங்கே அவர் பணியிலிருப்பார். பிறகு மைத்துனர், பிறகு சாச்சா என அனுமதி கோரும் வட்டம் நீளும். ஆம்புலன்ஸில் அந்நிய ஆண்கள் தூக்குவார்களே என்ற தயக்கமும் சேர்ந்துகொள்ளும். உயிரையும் உறுப்பையும் காக்கும் நிர்ப்பந்தத்தில் இவை தடையாகா என்பதில் ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதாக நாம் அறியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள், "இப்படி நேர்ந்தால் என்னைக் கேட்காதே, முதலில் 108ஐ அழை" என்று இன்றே வீட்டில் சொல்லிவைத்தால், அந்த ஒரு வாக்கியம் அரை மணி நேரத்தை மிச்சமாக்கும். இலங்கையில் உள்ளவர்களுக்கு 1990 சுவசெரிய எண் இருக்கிறது.

உடன் எடுத்துச் செல்ல வேண்டியவற்றுள் முதன்மையானது, அவர் அன்றாடம் உண்ணும் மாத்திரைகளின் சீட்டு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரா என்பதை அறியாமல் கரைக்கும் ஊசியைப் போட முடியாது. காப்பீட்டு அட்டையையும் அதே பையில் வைத்துவிடலாம்.

ரமளான் நெருங்கும்போது கொதிப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் பெரியவர்களைப் பற்றியும் ஒரு சொல். பக்கவாதத்தின் முதற்காரணம் கட்டுப்படாத இரத்தக் கொதிப்பு. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றவாறு வேளையை மாற்றித் தரும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். மாற்ற இயலாதவர்க்குச் சலுகையை வழங்கியவன் அல்லாஹ்வே. அதை ஏற்பதில் வெட்கம் எதற்கு?

எம் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் இம்மாதம் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. இரவு பகல் எந்நேரமும் சி.டி. ஸ்கேன் இயங்குவது எங்கே, கரைக்கும் ஊசி போடுவது எங்கே என்பவற்றை ஜமாஅத் இளைஞர்கள் இருவர் ஒவ்வோர் இடமாக அழைத்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பெயர் பெற்ற மருத்துவமனை ஒன்று ஸ்கேன் இரவில் இல்லை என்று கூறிவிட்டதால் பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டது. கட்டியைக் குழாய் வழியே இழுத்தெடுக்கும் வசதிக்கு எதிரே பக்கத்து மாவட்டத்தின் பெயரே நிற்கிறது. அங்குச் சென்றடைய எவ்வளவு நேரமாகும் என்ற கட்டம் இன்னும் காலியாக உள்ளது. வரும் வெள்ளி இரவு இஷாவுக்குப் பின் வண்டியை ஓட்டிப் பார்த்து அதை நிரப்பப் போகிறார்கள், இன்ஷா அல்லாஹ்.