மக்காவின் மலைகளும் மாளிகைகளும்

மத்ரஸாவில் நாம் ஓதிய நாட்களில், ஹஜ்ஜுடைய பாடத்தை நம் உஸ்தாது அவர்கள் கிதாபைக் கொண்டு மட்டும் நடத்துவதில்லை. கரும்பலகையின் நடுவே சுண்ணக்கட்டியால் ஒரு சதுரம் வரைவார்கள், அது கஅபா. கிழக்கே ஒரு வளைவு. அது அபூ குபைஸ் மலை. மேற்கே மற்றொரு வளைவு, அது குஐக்கிஆன். தெற்கே, அஜ்யாத் பக்கம், ஒரு குன்றின் மீது சிறு கட்டம் ஒன்றைப் போட்டு, "இது துருக்கியர் கட்டிய கோட்டை. தவாஃபில் தலை நிமிர்ந்தால் தெரியும்" என்பார்கள். பம்பாயிலிருந்து கப்பலேறிப் போய் ஹஜ்ஜுச் செய்தவர்கள் அவர்கள். பயிரற்ற பள்ளத்தாக்கு என்று நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைஞ்சிய அந்த இடத்தை, கண்ணால் காணும் முன்பே அந்தக் கோடுகளில் நாம் கண்டிருந்தோம்.

2014-ஆம் ஆண்டு நமக்கும் அழைப்பு வந்தது. எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஹரமிலிருந்து சில கல் தொலைவிலுள்ள அஜீஸிய்யாவில் தங்கி, பேருந்தில் ஹரமுக்குப் போய்வரும் ஹாஜிகளுள் ஒருவராக இருந்தோம். கஅபாவின் மீது முதற்பார்வை படும்போது கேட்கும் துஆவுக்குச் சிறப்புண்டு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தப் பார்வைக்காகத் தலையைக் குனிந்தபடியே பேருந்தில் அமர்ந்திருந்தோம். திடீரென்று பக்கத்து இருக்கையிலிருந்தவர், "அதோ, அதோ!" என்று கூவினார். நிமிர்ந்து விட்டோம். கண்ணில் பட்டது கஅபா அன்று, கடிகாரம். உஸ்தாது அவர்கள் வரைந்த சிறு கட்டம் இருந்த திசையில் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது அது.

அந்தக் கோட்டை 1780-ஆம் ஆண்டை ஒட்டி உதுமானிய துருக்கியர் ஆட்சியில் எழுந்தது. 2002-ஆம் ஆண்டு ஜனவரியில் அது இடிக்கப்பட்டது. அது நின்ற குன்றும் உடன் வெட்டித் தகர்க்கப்பட்டது. துருக்கி கடுமையாகக் கண்டித்தது. முந்திய ஆண்டு ஆஃப்கானிஸ்தானத்துப் பாமியானில் சிலைகள் தகர்க்கப்பட்டதோடு இதை ஒப்பிட்டு அங்கே பேசினார்கள். ஹாஜிகள் தங்குவதற்கு இடம் வேண்டும், எம் நாட்டு மண்ணில் செய்வது எம் உரிமை என்பது சவூதியின் மறுமொழி. அவ்விடத்தில்தான் இன்று அப்ராஜுல் பைத் என்னும் ஏழு கோபுரத் தொகுதி நிற்கிறது. 2012-இல் முற்றுப்பெற்ற அதன் நடுக்கோபுரம் 601 மீட்டர் உயரம்; கடிகார முகத்தின் குறுக்களவு மட்டும் 43 மீட்டர். அதன் கீழே இருக்கும் கஅபாவின் உயரம் ஏறத்தாழ 13 மீட்டர்.

அன்றிரவு அறையில் ஒரு வாதம் மூண்டது. அறையில் நம்முடன் இருந்தவர் நம் ஊர்க்காரரே. கொத்தனாராகத் தொடங்கி, ஜித்தாவில் பல்லாண்டுகள் கட்டட வேலை பார்த்து, பிறகு ஊரில் மேஸ்திரியாக நிலைத்தவர். நம்மினும் மூத்தவர்; காக்கா என்றே அழைப்போம். நாம் வருந்திப் பேசியதைக் கேட்டு அவர் சிரித்தார்.

"ஆலிம்சா, உங்கள் உஸ்தாது வந்த காலத்தில் எத்தனை பேர் வந்தார்கள்? 2012-இல் 31 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். இவர்களையெல்லாம் எந்தக் கோட்டைக்குள் படுக்கவைப்பீர்கள்? 1997-இல் மினாவில் கூடாரங்கள் பற்றி எரிந்து 300 பேருக்கு மேல் மவுத்தானார்களே, தீப்பிடிக்காத கூடாரங்கள் அதற்குப் பிறகுதானே வந்தன? 2006-இல் ஜமராத்தில் கல்லெறியப் போய் 300 பேருக்கு மேல் நெரிந்து போனார்கள். பழைய பாலத்தை இடித்து, ஐந்து தளமாகப் புதுப்பாலம் கட்டவில்லையா? பழசு பழசு என்று அழுதால் மையித்துதான் மிஞ்சும்."

இதில் உண்மையுண்டு, மறுப்பதற்கில்லை. மார்க்கத்தில் ஆதாரமும் உண்டு. ஹிஜ்ரி 17-இல் பெருவெள்ளம் புகுந்து மகாமு இப்ராஹீமையே இடம்பெயர்த்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கஅபாவைச் சுற்றியிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, இடித்து, ஹரமை விரிவாக்கினார்கள். விற்க மறுத்தவர்களின் வீடுகளுக்கும் மதிப்பிட்டு, அப்பணத்தைக் கஅபாவின் கருவூலத்தில் வைத்துவிட்டு இடித்தார்கள். கஅபாவின் முற்றத்துக்கு வந்து குடியேறியவர்கள் நீங்களே என்ற கருத்தில் அவர்கள் பேசியதை வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். கல்லைவிட மனித உயிர் பெரிது என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை.

புதுமை என்பதனாலேயே ஒன்றை வெறுப்பவரும் அல்லோம். ஜித்தா விமான நிலையத்து ஹஜ் முனையத்தைக் காக்காவுக்கே நினைவூட்டினோம். 1981-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் பொறியியலில் முன்னின்றவர் டாக்காவில் கல்வி பயின்று அமெரிக்கா சென்ற ஃபஸ்லுர் ரஹ்மான் கான். பாலைவனத்துக் கூடாரத்தையே மாதிரியாகக் கொண்டு, கம்பங்களிலிருந்து துணிக்கூரைகளைத் தொங்கவிட்டு, வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விட்டார்கள். ஏழையும் செல்வரும் அதே கூரையின் கீழேதான் காத்திருக்கிறார்கள். அதுவும் புதியது, அதுவும் பெரியது, ஆயினும் அது வருபவரைச் சிறுமைப்படுத்தவில்லை.

"ஜமராத் பாலத்தையும் கடிகாரக் கோபுரத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா, காக்கா? பாலத்தில் எல்லாரும் நடக்கிறார்கள். கோபுரத்தில் கஅபா தெரியும் சாளரத்துக்கென்று தனி வாடகை. அங்கே தங்குபவர் யார், அஜீஸிய்யாவில் தங்கும் நாம் யார்? தைக்காத இரு துண்டில் எல்லாரையும் சமமாக்கிய ஊரில், படுக்கும் உயரத்தில் ஏற்றத்தாழ்வு வந்துவிட்டதே!" என்றோம்.

இது இன்று தோன்றிய கேள்வியன்று. அந்தப் பள்ளியில் உள்ளூராரும் வெளியூராரும் சமம் என்று சூரத்துல் ஹஜ்ஜின் 25-ஆம் வசனம் அறிவிக்கிறது. அச்சமத்துவம் பள்ளியோடு நிற்கிறதா, ஊரின் வீடுகளுக்கும் பரவுகிறதா என்பதில் இமாம்கள் வேறுபட்டார்கள். ஹஜ்ஜுக் காலத்தில் மக்காவின் வீடுகளை வாடகைக்கு விடுவதை இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் வெறுத்தார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ அனுமதித்தார்கள்; அவர்களுக்கும் இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) அவர்களுக்கும் இதுபற்றி மக்காவிலேயே வாதம் நடந்தது. நாம் ஷாஃபிஈ மத்ஹபினர். ஆகவே வாடகை ஆகும் என்பதே நம் சட்டம். ஆகும் என்ற சட்டத்துக்கும் அழகு என்ற பண்புக்கும் இடையே உள்ள தூரத்தையோ சட்டநூல் அளந்து தருவதில்லை.

நம் முன்னோர் அந்தத் தூரத்தை வக்ஃபினால் கடந்தார்கள். இந்தியாவின் நவாபுகளும் வணிகர்களும் ஏழை ஹாஜிகள் கட்டணமின்றித் தங்க மக்காவில் ருபாத்துகள் கட்டினார்கள். கேரளத்துத் தலச்சேரியின் வணிகர் மாயன்குட்டி கேயி 19-ஆம் நூற்றாண்டில் அமைத்த கேயி ருபாத்து அவற்றுள் ஒன்று. ஹரம் விரிவாக்கத்துக்காக அது 1971-இல் இடிக்கப்பட்டது. இழப்பீட்டுத் தொகை அங்கே கருவூலத்தில் வைக்கப்பட்டு, யாருக்கு உரியது என்ற வழக்காக நீண்டது. கடிகாரக் கோபுரத் தொகுதியும் பெயரளவில் வக்ஃபுதான். மன்னர் அப்துல் அஜீஸின் பெயரால் இரு ஹரம்களுக்கு உரியது. வருமானம் புனிதத் தலங்களுக்குப் போகலாம். எனினும் ருபாத்து என்னும் வக்ஃபில் ஏழை உள்ளே படுத்தார். இந்த வக்ஃபில் அவர் வெளியே நின்று அண்ணாந்து பார்க்கிறார்.

கட்டடத்தில் அரசியல் புகுவதும் புதிதன்று. ஹிஜ்ரி 64-இல் முற்றுகையின்போது கஅபா தீக்கிரையானது. அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள் அதை இப்ராஹீம் நபியின் அடித்தளத்தின் மீது எடுத்துக் கட்டினார்கள். அது நபி (ஸல்) அவர்கள் விரும்பி, மக்களின் மனநிலை கருதிச் செய்யாமல் விட்ட அமைப்பு. சில ஆண்டுகளில் ஹஜ்ஜாஜ் வென்றான். அதை இடித்துப் பழையபடி ஆக்கினான். பின்னர் அப்பாஸிய கலீஃபா ஒருவர் இப்னு ஜுபைரின் அமைப்பையே மீட்கட்டுமா என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கேட்டபோது, வேண்டாம் என்றார்கள். வருகின்ற மன்னரெல்லாம் இடித்துக் கட்டினால் இறையில்லம் மன்னர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும். மக்கள் உள்ளத்தில் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்பது அவர்கள் அஞ்சிய அச்சம். கட்ட வேண்டியதே சரியானது என்று தெரிந்திருந்தும் தடுத்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் அன்றிரவு மேஸ்திரிக் காக்காவிடம் சொன்னோம். பாடம் நடத்தும் பழக்கத்தில் குரலும் சற்று உயர்ந்திருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"எல்லாம் சரி, ஆலிம்சா. நம் ஊர்ப் பள்ளியின் முன்மண்டபத்தை இடித்தபோது முதல் கடப்பாரை விழுமுன் துஆ ஓதியவர் யார்?"

நமக்குப் பேச்சு எழவில்லை.

துஆ ஓதியவர் நாமே. கட்டியவர் அவர். கருங்கல் தூண்கள் நின்ற மண்டபம் அது. தூண்களில் உருவம் ஏதுமின்றிப் பூவும் கொடியுமாகச் செதுக்கியிருப்பார்கள். சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ந்திருக்கும். வெளிநாட்டில் பொருளீட்டிய ஒரு செல்வர் இரண்டு தளமும் குவிமாடமும் உள்ள கான்கிரீட் மண்டபம் கட்டித்தர முன்வந்தார். இடம் போதவில்லை என்று ஜமாஅத்தில் பேசப்பட்டது. உமர் (ரலி) அவர்கள் ஹரமை விரிவாக்கிய அதே ஆதாரத்தை எடுத்துச் சொல்லிக் கூடும் என்று கூறியவர் நாம். ஜுமுஆவில் இடம் போதாதது ரமலானில் மட்டுமே என்பதும், பின்புறம் வக்ஃபு நிலம் வெறுமையாகக் கிடந்தது என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. மறுத்துரைத்த முதியவர் இருவரைப் பழமைவாதிகள் என்று பிறர் நகைத்தபோது நாமும் வாளாவிருந்தோம். மேல்தளம் இன்று இரு பெருநாட்களுக்கு மட்டும் நிறைகிறது. கீழே மின்விசிறி நின்றால் நடுப்பகலில் இருக்கமுடிவதில்லை.

மன்னர்களின் விளையாட்டைப் பற்றி இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அஞ்சியதைப் பல்லாண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறோம். நம் தெருவில் நடந்த விளையாட்டுக்கு நாமே ஆதாரம் தேடித்தந்தோம் என்பது, கஅபாவிலிருந்து சில கல் தொலைவில், ஒரு மேஸ்திரியின் வாயால் நமக்கு விளங்கியது.

மறுநாள் ஃபஜ்ருக்கு ஹரமுக்குப் போனோம். துருக்கியர் காலத்துக் குவிமாட வரிசை மதாஃபின் விரிவாக்கத்துக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அதன் ஒரு பகுதி பின்னர் மீண்டும் நிறுவப்பட்டது. பாரந்தூக்கிகள் எங்கும் நின்றன. அவற்றுள் ஒன்று அடுத்த ஆண்டு, 2015 செப்டம்பர் 11-இல், ஹரமுக்குள் சரிந்து 100 பேருக்கு மேல் உயிர்நீத்ததைப் பின்னர் ஊரிலிருந்தபடி கேட்டு அழுதோம். அன்று தவாஃபின்போது மட்டும் மேலே பார்ப்பதில்லை என்று தீர்மானித்திருந்தோம். ஏழாவது சுற்றில் தீர்மானம் மறந்தே போயிற்று. கண்முன் கறுப்புத் திரையும் அதைத் தொட நீண்ட கைகளும் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. 601 மீட்டருக்கும் அங்கே இடமில்லை.

ஊர் திரும்பியபின், ஹவுளின் பின்புறம் முட்செடிகளுக்கிடையே கிடந்த பழைய தூண்களைப் பார்க்கக் காக்காவை அழைத்துப் போனோம். பல, அஸ்திவாரத்தில் நிரப்பப்பட்டுவிட்டன. ஆறு மட்டும் முழுமையாக இருந்தன. ஜமாஅத்தில் எழுந்து, இடிக்கலாம் என்று முன்பு நாம் சொன்னது ஆராயாமல் சொன்ன சொல் என்று ஒப்புக்கொண்டோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. நன்கொடை தந்தவர் இன்றுவரை நம்மிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஆறு தூண்களும் இப்போது மத்ரஸாத் திண்ணையில் ஓட்டுக்கூரையைத் தாங்குகின்றன. காக்கா கூலி வாங்காமல் நிறுத்திக் கொடுத்தார். ஹஜ்ஜுடைய பாடம் வரும்போது அங்கேதான் பிள்ளைகளை அமர்த்துகிறோம். கரும்பலகையில் சதுரமும் இரு வளைவுகளும் வரைகிறோம். தெற்கே அந்தச் சிறு கட்டத்தையும் போட்டு, அது இருந்த கதையையும் போன கதையையும் சொல்கிறோம். நம் முன்மண்டபத்தின் கதையையும் மறைக்காமல் சொல்கிறோம்.

உங்கள் ஊரிலும் பள்ளியை இடித்துக் கட்டும் பேச்சு எழலாம். இடம் உண்மையிலேயே போதவில்லையா, பணம் தருபவருக்கா தொழ வருபவருக்கா அந்தக் கட்டடம் என்பதைக் கடப்பாரையை எடுக்குமுன் கேளுங்கள். கேட்கத் துணியாத ஆலிமாக நாம் இருந்தோம். அல்லாஹ் நம்மை மன்னித்து, அவனுடைய இல்லங்களை அவனுக்காகவே கட்டவும் காக்கவும் அருள்வானாக. ஆமீன்.