வால்வா, டிரான்சிஸ்டரா?

போன ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி வாசல்ல கயித்துக்கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். மழை விட்டு ரெண்டு நாள் ஆகியிருந்தது. "இந்த வருசம் சில்வண்டு கத்தவே இல்லையே, மருந்தடிச்சு மருந்தடிச்சு அதையும் கொன்னுட்டோம் போல"ன்னு சொன்னேன். வீட்டுக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "ஏனுங்க, காதைப் பிளக்கற மாதிரி கத்துதே, உங்களுக்குக் கேக்கலீங்களா?"

எனக்குக் கேக்கலை.

அடுத்த வாரம் ஈரோட்டுக்குப் போய் காது டாக்டரைப் பார்த்தோம். கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்கச் சொன்னாங்க. வெளிய வந்ததும் ஒரு கோடு போட்ட தாளைக் காட்டினார். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கிணத்துக்குள்ள இறங்கற மாதிரி இறங்கியிருந்தது, இடது காதில் ரொம்பவே. "ஆயில் என்ஜின் பக்கத்துல இருந்தீங்களா?"ன்னு கேட்டார். இருபது வருசம் ஆயில் என்ஜின், அதுக்கப்புறம் பவர் டில்லர். சத்தத்தால கெடற காது முதல்ல அந்த இடத்துலதான் விழுமாம். போனது திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்திக்கங்கன்னு சொல்லி அனுப்பிட்டார்.

இதில் என்ன கொடுமைன்னா, அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் பையன் ஒரு ஹெட்போன் வாங்கி அனுப்பியிருந்தான். மும்முனைக் கரண்ட் எங்களுக்கு முறை வச்சுத்தான் வரும். ராத்திரி முறைன்னா மோட்டார் ரூம்லதான் காவல். அப்பா தனியா உக்காந்து பாட்டாவது கேக்கட்டும்னு சென்ஹைசர் எச்டி 650 அனுப்பிட்டான். அது 300 ஓம் ஹெட்போன். போன்ல மாட்டினா பாடும், ஆனா பழைய பாட்டெல்லாம் சன்னமாத்தான் வரும். ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு வேணும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. வால்வு வச்சதா, டிரான்சிஸ்டர் வச்சதாங்கற கேள்வியும் கூடவே வந்துது.

எனக்கு மனசெல்லாம் வால்வு மேலதான். காரணம் எங்க ஐயன். (எங்க பக்கத்துல அப்பாவை அப்படித்தான் சொல்லுவோம்.) அவர் ஒரு வால்வு ரேடியோ வச்சிருந்தார். வருசா வருசம் போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டி வச்சிருந்த ரேடியோ. சுவிட்ச் போட்டதும் பாடாது. உள்ளே மெதுவா மஞ்சள் வெளிச்சம் ஏறும், சூடான தூசி வாசம் வரும், அப்புறம்தான் இலங்கை வானொலி எங்கிருந்தோ நடந்து வர்ற மாதிரி வரும். எனக்குப் பதினொரு வயசு இருக்கும்போது, ஐயன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, பின்பக்க அட்டையைக் கழட்டி, ஒரு வால்வைப் பிடுங்கிப் பார்க்கப் போய்க் கீழே போட்டு உடைச்சுட்டேன். ரேடியோக்கடைக்காரர் "இது இப்ப வர்றதில்லீங்க"ன்னுட்டார். ஐயன் ஒரு வார்த்தை திட்டலை. ஒரு வருசம் கழிச்சு சின்ன டிரான்சிஸ்டர் ஒண்ணு வாங்கி, அந்தப் பெரிய ரேடியோ மேலயே வச்சுக் கேட்டார். சாகற வரைக்கும் அங்கேயேதான் அது இருந்தது. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

வால்வுங்கற பேரு எனக்குப் பிடிச்ச பேரு. நம்ம கேட் வால்வு செய்யற வேலையைத்தான் அதுவும் செய்யுது. 1904ல பிளெமிங்குங்கற வெள்ளைக்காரர் கண்டுபிடிச்சது ஒரே பக்கம் மட்டும் கரண்ட்டை விடும், கிணத்துல போடற ஃபுட் வால்வு மாதிரி. ரெண்டு மூணு வருசத்துல அமெரிக்காவுல லீ டி ஃபாரஸ்ட் நடுவுல ஒரு கம்பி வலையை வச்சார். அந்த வலைக்குக் கொஞ்சூண்டு கரண்ட்டைக் காட்டினாப் போதும், பெரிய ஓட்டத்தைத் திறக்கவும் மூடவும் முடியும். விரலால கேட் வால்வைத் திருகி ஏழரை எச்.பி. தண்ணியை அடக்கற மாதிரி. 1947ல பெல் லேப்ஸ்ல வந்த டிரான்சிஸ்டர் அதே வேலையைச் சூடும் கண்ணாடியும் இல்லாம செஞ்சுது. நம்ம நாட்டுல பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ்லயும் 1961லிருந்து ரேடியோ வால்வு செஞ்சாங்க.

கோயமுத்தூர்ல என் மச்சினன் மகன் ரெண்டு வகையும் வச்சிருக்கான். பொங்கல் கழிஞ்சு அவன் வீட்டுக்கே போயிட்டேன். வால்வு ஆம்ப்ளிஃபையரை முதல்ல போட்டான். அந்த மஞ்சள் வெளிச்சம் ஏறினப்ப எனக்குத் தொண்டை அடைச்சுது. ராஜரத்தினம் பிள்ளையோட பழைய தோடி ஒண்ணு வச்சான். ஐயனுக்கு உயிர். "கண்ணு, இதுதான். வேற பேச்சே இல்லை"ன்னேன்.

அவன் சிரிச்சுட்டு, "மாமா, அவசரப்படாதீங்க"ன்னு மல்டிமீட்டரை எடுத்தான். ஒரே டோனை ரெண்டுலயும் ஓட்டி, ரெண்டும் ஒரே வோல்ட் தர்ற மாதிரி சத்தத்தைச் சரி பண்ணினான். கொஞ்சம் சத்தம் கூட இருந்தாலே அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லிடுமாம். அப்புறம் கண்ணுல துண்டைக் கட்டி, பத்துத் தடவை மாத்தி மாத்திப் போட்டு, எது எதுன்னு கேட்டான். ஆறு சரி, நாலு தப்பு. பூவா தலையா போட்டுப் பார்த்தாக்கூட அவ்வளவு வந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் அவமானமாத்தான் இருந்தது. ஆனா, எனக்குத் தோடியை இனிக்க வச்சது அந்த வெளிச்சம்தான்னு அப்பத்தான் புரிஞ்சுது.

வால்வுல வித்தியாசமே இல்லைன்னு நான் சொல்லலை. அது சத்தத்துல ரெண்டாவது ஹார்மோனிக்னு ஒண்ணைக் கலக்கும், காதுக்கு உறுத்தாத கலப்படம். இன்னொண்ணு, டிரான்ஸ்பார்மர் இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு வெளிவழித் தடை அதிகம். குறுகலான பைப் மாதிரின்னு வச்சுக்கங்க. என்னோட 300 ஓம் ஹெட்போன் தண்ணி கம்மியாக் குடிக்கற செடி, அதனால பெருசாத் தெரியாது. கீழ்ச்சுருதி லேசா தூக்கலா வரும், அதைத்தான் நிறைய பேர் கதகதப்புங்கறாங்க. ஆனா 32 ஓம் ஹெட்போனை அதுல மாட்டினா, குறுகின பைப்புல பெரிய வயலுக்குப் பாய்ச்சற கதைதான், பாட்டோட ஏத்த இறக்கமே மாறிடும். டிரான்சிஸ்டர்ல அந்தத் தொந்தரவு இல்லை, எதை மாட்டினாலும் தாங்கும்.

நான் யோசிச்சது வேற கணக்கு. எங்க மோட்டார் ரூம்ல வோல்டேஜ் 170லயும் நிக்கும், 250க்கும் ஏறும். 170ல வால்வோட ஹீட்டர் சரியாச் சூடேறாது, 250ல ஆயுசு குறையும். உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல ஓடும். மழை நாள்ல தவளையும் பல்லியும் வந்து படுக்கற இடம் அது. வால்வு தேய்ஞ்சா மாத்தணும், அதை நான் எங்க போய்த் தேடறது? "இது இப்ப வர்றதில்லீங்க"ங்கறதை இன்னொரு தடவை கேக்க எனக்குத் தெம்பு இல்லை.

டிரான்சிஸ்டரையே வாங்கினேன். 12 வோல்ட்ல ஓடற சின்னப் பெட்டி, சந்தையில ஒரு கிடாய்க் குட்டி விக்கற விலை. மருந்தடிக்கற மெஷினோட 12 வோல்ட் பேட்டரியில வயர் இழுத்து, நடுவுல ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு மச்சினன் மகன் மாட்டிக் குடுத்தான். ஒரு சார்ஜ் ரெண்டு ராத்திரி தாங்குது. கரண்ட் எப்படி ஆடினாலும் பாட்டு ஆடறதில்லை.

சத்தம் திருகற குமிழ்ல ஒரு இடத்துல நகப்பாலீஷ் பொட்டு வச்சிருக்கேன், மக வச்ச மிச்சம். அதைத் தாண்டித் திருகறதில்லை. 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், அதுக்கு மேல மூணு மூணு கூடக் கூட நேரம் பாதி பாதியாக் குறைஞ்சுக்கிட்டே போகணும்னு ஒரு கணக்கு உண்டு. ஜால்ரா சரியாக் கேக்கலைன்னு கை தானா குமிழுக்குப் போகும். ஜால்ரா பாட்டுலதான் இருக்கு, என் காதுலதான் இல்லைன்னு கையை இழுத்துக்குவேன். சில நாள் இழுக்க முடியறதில்லை, அதையும் சொல்லிடறேன்.

இந்த ஹெட்போன் ரெண்டு பக்கமும் திறந்த வகை, வெளிச்சத்தம் உள்ளே வரும். நகரத்துல அதைக் குறைன்னு சொல்லுவாங்க. எனக்கு அதுதான் வசதி. நாதஸ்வரத்துக்குப் பின்னாடி மோட்டார் உறுமிக்கிட்டே இருக்கும். அது மாத்திரம் நின்னுதுன்னா, பாட்டு எங்க இருந்தாலும் கழட்டி வச்சுட்டு டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கிணத்துப் பக்கம் போயிடுவேன்.