அதபும் பிரம்பும்

அறபு மொழியில் ‘அதப்’ என்னும் சொல்லுக்கு நல்லொழுக்கம் என்றும் பொருளுண்டு. இலக்கியம் என்றும் பொருளுண்டு. மத்ரஸாவில் ஓதியோர் அனைவரும் அறிந்ததே இது. ஆயின், தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய ‘சாய்வு நாற்காலி’ நாவலில் இச்சொல் ஒரு பிரம்புக்குப் பெயராகி நிற்கிறது. வீட்டுப் பெண்களை அடித்து அடக்குவதற்கான ‘அதபுப் பிரம்பு’ அது.

1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இந்நாவல், குமரிக் கடலோரத்துச் ‘சவ்தா மன்ஸில்’ என்னும் பெருவீட்டின் வரலாறாகும். மார்த்தாண்ட வர்மா காலத்து மூதாதையரின் பெருமையைப் பேசியே நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார் முஸ்தபாக்கண்ணு. வீட்டுப் பொருள்களோ ஒவ்வொன்றாக விலையாகிப் போகின்றன. பழங்கதையும் நடப்பும் ஒன்றையொன்று ஊடறுத்து வருகின்றன.

குடும்ப வரலாற்றை இவ்வாறு முறைமாற்றிச் சொல்வது பிற நாடுகளிலும் உண்டு. செர்பிய எழுத்தாளர் தானிலோ கிஷ் 1972இல் வெளியிட்ட ‘மணற்கடிகாரம்’ என்று பொருள்படும் நாவல், விசாரணைக் கேள்வி பதில்களாகவும் சிதறிய குறிப்புகளாகவும் செல்கிறது. 1942இல் அவருடைய தந்தை எழுதிய உண்மைக் கடிதம் அதன் முடிவில் வைக்கப்பட்டுள்ளது. அதை வாசித்த பின்னரே முன் வந்த துண்டுகள் பொருந்துகின்றன. யூதரான அத்தந்தை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவில்லை. அங்கே குடும்பத்தை அழித்தது புறத்தேயிருந்து வந்த கொடுமை. சவ்தா மன்ஸிலை அழித்ததோ அகத்தேயிருந்த வீண்பெருமை.

கிஷின் நூலை ரால்ப் மன்ஹைம் ஆங்கிலமாக்கினார். மீரானின் நூலைப் பிறமொழிக்குக் கொண்டு செல்வோர் ‘அதபுப் பிரம்பு’ என்பதை என் செய்வர்? வெறும் ‘பிரம்பு’ என்றால் அடி மட்டுமே எஞ்சும். ஒழுக்கத்தின் பெயரால் விழுந்த அடி என்பது மறைந்துவிடும்.

இத்தகைய பெயர்ப்பு வேலை தமிழருக்குள்ளேயே தேவைப்படுகிறது. நமது எம்.கே.பி. நகரில் ஒரு வீட்டில் தந்தை ‘வாப்பா’, மற்றொன்றில் ‘அத்தா’, உருது பேசும் வீட்டில் ‘அப்பா’. குமரி முஸ்லிம்களின் பேச்சு இங்குள்ள பலருக்கு முதல் வாசிப்பில் பிடிபடாது. மலையாள வழியில் கல்வி கற்ற மீரானும் தமிழ்க் கதைகளை முதலில் மலையாள எழுத்திலேயே எழுதினார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் தமிழை அறபு எழுத்தில் எழுதிய மரபை உடைய நமக்கு இது வியப்பன்று.

“நம் வீட்டுக் குறையை ஊரறியச் சொல்லலாமா?” என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அவ்வாறிருக்க, பிரம்புக்கு ‘அதபு’ என்று பெயரிட்டதுதான் மார்க்கத்துக்கு இழுக்கு. அதை எடுத்துக்காட்டிய நாவல் இழுக்கன்று. மீரான் 2019இல் மறைந்தார். ஒழுக்கத்தின் பெயரால் கையோங்கும் வீடு இன்னும் எங்கேனும் இருக்குமாயின், அங்கே இந்நூலை ஆண்மக்கள் முதலில் வாசிக்கட்டும். பின்னர்த் தாய்மார்களோடும் பெண்மக்களோடும் அமர்ந்து பேசட்டும். இலக்கியம் என்னும் அதப், ஒழுக்கம் என்னும் அதபுக்குச் செய்யக்கூடிய பணி இதுவே.