ஆல்டர்னேட்டரும் என் பழைய மர ஸ்கேலும்



மாமனார் விட்டுச்சென்ற 1972 மகிந்திரா ஜீப்பின் டைனமோ தேய்ந்துவிட்டது. இஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ சரியாகச் சார்ஜ் தராது, அம்பத்தூர் ஓ.டி. நெரிசலில் நின்றால் ஹெட்லைட் மங்கும். ஆல்டர்னேட்டர் அப்போதும் மின்சாரம் தரும். அதை மாட்டித் தர, எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஞாயிறன்று வீட்டுக்கே வந்தான்.

ஆல்டர்னேட்டரோடு வந்த புல்லியின் பள்ளம் குறுகல். ஜீப்பின் பெல்ட் அகலம். லேத்தில் வேறு புல்லி கடைந்து எடுத்து வந்திருந்தான்.

"கிராங்க் புல்லி 6 அங்குலம், இது 3. இஞ்சின் ஒரு சுற்று சுத்தினா இது ரெண்டு சுற்று. நீங்க நடத்தினதுதான் சார்."

இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் கத்தும், சீக்கிரம் பிய்ந்துபோகும். பார்க்க ஸ்கேல் கேட்டான். பீரோ மேலிருந்த இரண்டடி மர ஸ்கேலைக் கொடுத்தேன். வைத்துப் பார்த்து, ஒரு வாஷர் சேர்த்தான்.

"இன்னும் கோணாம இருக்கு சார்" என்று சிரித்தபடி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

எட்டாம் வகுப்பில் தினமும் தாமதமாக வருவான். அந்த ஸ்கேலால்தான் அடிப்பேன். காரணம் கேட்டதில்லை. விடியற்காலையில் வீடு வீடாகப் பால் பாக்கெட் போட்டுவிட்டு வந்தானாம். அன்றுதான் சொன்னான்.

இஞ்சினை ஓடவிட்டோம். மீட்டர் 14 வோல்ட் காட்டியது. "தப்பு பண்ணிட்டேன்பா" என்றேன். "விடுங்க சார்" என்று பெல்ட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

ஸ்கேலை அவனிடமே கொடுத்துவிட்டேன். அதனால் அடி வாங்கிய மற்ற பிள்ளைகளும் என்னை மன்னியுங்கள்.